காம்பவுண்ட்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் தேடித் தமிழில் எழுதும் முறை

சிங்கப்பூரில் வார இறுதிகளில் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்களுக்காக நடத்தும் பயிற்சி வகுப்பில், முதல் நாளன்றே வெண்பலகையில் நான் எழுதிப் போடும் சொல் காம்பவுண்ட். பொருள்களை ஒன்றுசேர்ப்பதைக் குறிக்கும் சொல் என்பது வந்திருக்கும் அனைவருக்கும் தெரியும். தெரிந்திருப்பதாலேயே பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ‘கூட்டு’ என்று ஒரே சொல்லை எதிரே எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். கூட்டு வட்டிக்குப் பொருந்தும் அந்தச் சொல், பள்ளி வளாகத்திற்கோ வாகன நிறுத்தக் குற்றத்திற்கோ நோயாளியின் எலும்பு முறிவிற்கோ பொருந்தாது என்பது, வாக்கியங்களைக் கையில் கொடுத்த பிறகே அவர்களுக்குத் தெரிகிறது.

இந்த ஒரு சொல்லை முறையாக ஆராய்ந்து முடிக்க எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. என்ன வரிசையில் செய்தால் தவறு குறையும் என்பதையே கீழே எழுதியிருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். மாற்றினால் எங்கே சறுக்கும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆங்கில அகராதிகள் இரண்டு வேண்டும்: ஒன்று ஆக்ஸ்ஃபர்ட் பேரகராதி போல வரலாற்று முறையில் அமைந்தது, மற்றொன்று மாணவர்களுக்கானது. வரலாற்று அகராதி பழைய பொருளை முதலில் வைக்கும். மாணவர் அகராதி இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் வைக்கும். இந்த வேறுபாட்டை அறியாதவர்கள், எந்த அகராதியைத் திறந்தாலும் முதலில் கிடக்கும் பொருளே முதன்மைப் பொருள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரண்டு நூல்கள் போதும். ஒன்று அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம். மற்றொன்று 1924க்கும் 1936க்கும் இடையில் வெளிவந்த தமிழ் லெக்சிகன். இவற்றோடு யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ஹாப்சன்–ஜாப்சன் என்னும் அகராதியும் தேவைப்படும். ஆசியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வழக்கில் புகுந்த சொற்களைத் தொகுத்த நூல் அது. இந்தச் சொல்லுக்கு அது ஏன் தேவை என்பது நான்காம் படியில் விளங்கும்.

ஒரு மலாய் அகராதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்கள்தாம் பிறகு அதைக் கேட்டு வாங்கிப் புரட்டுவார்கள்.

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் மேற்கோள் பிரிவில் உள்ள நூல்களை இரவல் பெற முடியாது. ஆகவே கையேடும் பென்சிலும் எடுத்துச் செல்ல வேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்வோர் வீட்டுக்குச் சென்ற பின் அந்தப் படங்களைத் திறப்பதில்லை என்பது என் அனுபவம். கையால் எழுதும்போதுதான் அகராதியின் சிறு குறிகளும் கண்ணில் படுகின்றன.

2. சொல்லைத் தனியே எடுக்காமல் வாக்கியத்தோடு எழுதிக்கொள்க

அகராதியைத் திறப்பதற்கு முன் குறைந்தது பத்து வாக்கியங்களைச் சேகரித்துக்கொள்ள வேண்டும். நாளிதழ், வங்கிக் கடிதம், மருந்துப் பொட்டலம், பள்ளிச் சுற்றறிக்கை, அறிவியல் பாடநூல் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து அவை வர வேண்டும். முழு வாக்கியத்தையும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு அகராதியிடம் போனால், அது தரும் இருபது பொருள்களில் எதை எடுப்பது என்று தீர்மானிக்க நம்மிடம் எந்த அளவுகோலும் இராது. வாக்கியம் இருந்தால், பொருந்தாத பதினெட்டைத் தள்ளுவது எளிது. இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். பத்து நிமிடச் சோம்பலுக்கு இரண்டு மணி நேரம் பறிபோகும்.

3. பெயரா, அடையா, வினையா என்று பிரிக்க

சேகரித்த வாக்கியங்களை மூன்று பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். காம்பவுண்ட் பெயர்ச்சொல்லாகவும் பெயருக்கு அடையாகவும் வினைச்சொல்லாகவும் வருகிறது. பெயராகவும் அடையாகவும் வரும்போது பொதுவாக முதல் அசையை அழுத்தி ஒலிப்பார்கள். வினையாக வரும்போது இரண்டாம் அசையை அழுத்துவார்கள். எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. ஆகவே வாக்கியத்தை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

இந்த அழுத்த வேறுபாட்டைத் தமிழ் தன்னையறியாமல் காத்து வைத்திருக்கிறது. சுற்றுச்சுவரைக் ‘காம்பவுண்டு சுவர்’ என்று நெடிலில் தொடங்கிச் சொல்கிறோம். அங்கே ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில் உள்ளது. மருந்து கலந்து கொடுத்தவரைக் ‘கம்பவுண்டர்’ என்று குறிலில் தொடங்கிச் சொல்கிறோம்; அது வினையிலிருந்து வந்த பெயர், அழுத்தம் இரண்டாம் அசையில் உள்ளது, முதல் அசை தேய்ந்து ஒலிக்கிறது. எழுதிப் பழகாத காதுகள் சரியாகவே கேட்டிருக்கின்றன.

இந்தப் பிரிப்பை ஏன் பொருளுக்கு முன் செய்ய வேண்டும் என்றால், அகராதிகள் வினைக்கும் பெயருக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கின்றன. வினைப் பொருளைப் பெயர்ப் பதிவில் தேடிவிட்டு, அகராதியில் இல்லை என்று எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. ஒரு சொல்லா, இரண்டு சொல்லா என்று தீர்மானிக்க

மிகுந்த கவனம் வேண்டிய படி இது. பெயர்ச்சொல் பகுதியில் உள்ள வாக்கியங்களை மீண்டும் ஒரு முறை பாருங்கள். தண்ணீர் ஒரு காம்பவுண்ட் என்பதும், மாணவர்கள் பள்ளிக் காம்பவுண்டை விட்டு வெளியே செல்லக்கூடாது என்பதும் ஒரே பகுதியில் கிடக்கும். ஒன்று சேர்க்கையைக் குறிக்கிறது, மற்றொன்று இடத்தைக் குறிக்கிறது.

இப்போது அகராதியைத் திறந்து, தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் சிறிய எண் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தால் ஒன்றாகவும் பிறப்பால் வேறாகவும் உள்ள சொற்களை அகராதிகள் அப்படி எண்ணிட்டுப் பிரிக்கின்றன. திரையில் அகராதி பார்ப்பவர்கள் முதல் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். கீழே நகர்த்தினால் இரண்டாவது சொல் காத்துக்கொண்டிருக்கும்.

வேலி அல்லது சுவர் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் காம்பவுண்ட், இலத்தீனிலிருந்து வந்த சொல் அன்று. அது 1670களில் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. மலாய் மொழியின் கம்போங் என்ற சொல், மலாய்த் தீவுகளில் வணிகம் செய்த போர்த்துக்கீசியர் அல்லது டச்சுக்காரர் வாய்வழியாக ஆங்கிலேயரை எட்டி, அவர்களுக்கு முன்பே பழக்கமாயிருந்த காம்பவுண்ட் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலைப் பூண்டுகொண்டது என்பதே இன்று அகராதிகள் தரும் விளக்கம். போர்த்துக்கீசிய மூலம் ஒன்றே போதும் என்ற கருத்தும் முன்பு இருந்தது. ஹாப்சன்–ஜாப்சன் அவற்றையெல்லாம் எடுத்துவைத்து வாதித்து மலாய் மூலத்தின் பக்கம் சாய்கிறது. அந்தப் பதிவை முழுவதும் படியுங்கள், ஒரு சொல்லை எப்படி விசாரிப்பது என்பதற்கு அதுவே பயிற்சி.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இதில் தனியான ஒரு சுவை உண்டு. நம் பெரியவர்கள் மலாய்க் கிராமத்தைக் ‘கம்பம்’ என்றார்கள்; கம்பத்து வீடு, கம்பத்து வாழ்க்கை என்று இன்றும் எழுதுகிறோம். அதே மூச்சில் தரைவீட்டின் சுவரைக் காம்பவுண்டு சுவர் என்கிறோம். ஒரே மலாய்ச் சொல்லை நேராக ஒரு முறையும், ஆங்கிலக் கப்பலில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு மறுமுறையும் வாங்கியிருக்கிறோம். கம்போங் கிளாம் என்ற இடப்பெயரில் மூன்றாவது வடிவமும் நம்மிடம் இருக்கிறது.

இங்கே புதியவர்கள் இரண்டு தவறுகள் செய்கிறார்கள். முதலாவது, கம்பம் என்பதைத் தமிழில் தூணைக் குறிக்கும் கம்பத்தோடு இணைத்து, தூண் நட்டு வேலி கட்டியதால் இப்பெயர் வந்தது என்று விளக்கம் எழுதுவது. கேட்க இனிமையாக இருக்கும், ஆதாரம் கிடையாது. இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. மலாயில் பெர்கம்போங் என்றால் ஒன்றுகூடுதல் என்று பொருள். இலத்தீன் மூலமும் ஒன்றாக வைப்பதையே குறிக்கிறது. இரண்டும் சேர்தலைக் குறிப்பதால் இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பொருள் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. எந்த வழியாக, எந்தக் காலத்தில், யார் வாயிலிருந்து வந்தது என்பதுதான் சான்று.

தமிழாக்கத்தைப் பொறுத்தவரை, பள்ளி, தூதரகம், வழிபாட்டிடம் ஆகியவற்றுக்கு ‘வளாகம்’ என்பது இங்கே நிலைபெற்றுவிட்டது. தனி வீட்டைச் சுற்றியுள்ள நிலத்துக்கு ‘வளாகம்’ பெரிதாகத் தோன்றும். யாழ்ப்பாணத்தார் அதை ‘வளவு’ என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மீது ஆசை உண்டு. ஆனால் செட்டிநாட்டில் வளவு என்பது வீட்டுக்குள் இருக்கும் முற்றப் பகுதி. வாசகர் யார் என்று தெரியாத இடத்தில் ‘வீட்டுச் சுற்றுச்சுவருக்குள்’ என்று விரித்து எழுதிவிடுவதே பாதுகாப்பு. வரலாற்றுக் கட்டுரைகளில் வேறொரு எச்சரிக்கை வேண்டும்: தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் 1880களிலிருந்து தொழிலாளரை வெளியே விடாமல் அடைத்து வைத்த இடங்களுக்கும் இதே சொல்தான். அதை வளாகம் என்று எழுதினால் அடைப்பின் கொடுமை காணாமற்போய்விடும். அங்கே ‘அடைப்புக் குடியிருப்பு’ என்று எழுதுவேன்.

5. முதல் சொல்லின் பிறப்பை வேர்வரை பின்தொடர்க

இரண்டாவது சொல்லை ஒதுக்கிய பிறகே இலத்தீன் மூலத்துக்குப் போக வேண்டும். முன்பே போனால் வளாகத்தையும் இலத்தீனில் கொண்டுபோய்க் கட்டிவிடுவோம்.

இலத்தீனில் கோம் என்றால் உடன், சேர்ந்து. போனேரே என்றால் வைத்தல். இரண்டும் இணைந்த கோம்போனேரே, ஒன்றாக வைத்தல் என்று பொருள்படும். அது பழைய பிரெஞ்சு வழியாக மத்திய ஆங்கிலத்துக்குக் கம்பூனென் என்ற வடிவில் வந்தது. பழைய வடிவத்தின் இறுதியில் டகரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வினைச்சொல்லின் கடைசி டகரம் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஒலியைக் குறிக்கும் சவுண்ட், இடித்தலைக் குறிக்கும் பவுண்ட் ஆகியவற்றிலும் இப்படியே டகரம் பிற்காலத்தில் சேர்ந்தது. அடைச்சொல்லின் கதை சற்று வேறு: அது ‘சேர்க்கப்பட்ட’ என்று பொருள்படும் இறந்தகால வடிவிலிருந்து வந்ததால் அதன் டகரம் பிறவியிலேயே உள்ளது.

இந்த விவரம் எதற்கு என்று கேட்பார்கள். சொல்லை வெறும் கண்ணால் பிரிப்பவர்கள், காம் என்றும் பவுண்ட் என்றும் வெட்டி, எடைக்குரிய பவுண்டோடு இணைத்துவிடுகிறார்கள். பல எடைகளைச் சேர்ப்பது காம்பவுண்ட் என்று ஒருவர் பக்கம் முழுவதும் எழுதியிருந்தார். எடைக்குரிய பவுண்ட் வேறு, அலையும் மாடுகளை அடைக்கும் பட்டியாகிய பவுண்ட் வேறு, இடிக்கும் பவுண்ட் வேறு. இவற்றில் எதுவும் இந்தச் சொல்லின் உள்ளே இல்லை.

உடன்பிறப்புகளையும் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். கூறு என்று நாம் சொல்லும் காம்பொனென்ட், பல கூறுகளால் ஆன காம்போசிட், எருவாகிய காம்போஸ்ட், பழங்களைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்துச் செய்யும் காம்போட் எல்லாம் ஒரே குடும்பம். குப்பைக் குழியும் இனிப்புத் தட்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது வகுப்பில் எப்போதும் ஒரு கலகலப்பை உண்டாக்கும். இயற்றுதலைக் குறிக்கும் காம்போஸ் மட்டும் சிக்கலானது: அதன் பிரெஞ்சுப் பகுதி, நிறுத்துதல் என்ற பொருளுடைய வேறொரு இலத்தீன் வினையிலிருந்து வந்து, போனேரேயோடு கலந்துவிட்டது. பட்டியலில் அதற்கு நேரே ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள்.

6. துறையைக் கண்டுபிடித்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தொடுக

வேர் ஒன்றே என்றாலும், ஒவ்வொரு துறையும் ‘ஒன்றாக வைத்தல்’ என்பதைத் தனக்கு வேண்டிய விதத்தில் இறுக்கிக்கொண்டது. எனவே ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் துறையின் பெயரை எழுத வேண்டும்.

வேதியியலில் தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்து புதிய பண்புடைய பொருளாவது ‘சேர்மம்’. உப்பும் மணலும் கலந்து கிடப்பது ‘கலவை’. அதைப் பிரித்துவிடலாம், இரண்டும் தம் பண்பை இழப்பதில்லை. காம்பவுண்டைக் கலவை என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இலங்கைப் பாடநூல்கள் இதைச் ‘சேர்வை’ என்றும், தனிமத்தை ‘மூலகம்’ என்றும் எழுதுகின்றன. இணையத்தில் கிடைக்கும் சொற்பட்டியல்களில் இரண்டு வழக்கும் கலந்து கிடப்பதால், ஒரே பத்தியில் சேர்மமும் மூலகமும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதித்துறையில் ‘கூட்டு வட்டி’ என்பதே வழக்கு. ஆனால் சொல்லைச் சரியாக எழுதியும் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான் நிகழ்கிறது. கூட்டு என்றால் கூட்டல்தானே என்று நினைக்கிறார்கள். சிங்கப்பூர் ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்குரிய குறைந்தபட்ச வட்டியான 2.5 விழுக்காட்டை எடுத்துக்கொள்வோம். 1,000 வெள்ளிக்குத் தனி வட்டியானால் 10 ஆண்டுகளில் 250 வெள்ளி சேர்ந்து 1,250 வெள்ளியாகும். கூட்டு வட்டியானால், ஒவ்வோர் ஆண்டின் வட்டியும் அசலோடு சேர்ந்து அடுத்த ஆண்டில் அதுவும் வட்டி ஈட்டுவதால், 1,280 வெள்ளி 8 காசாகும். வட்டிக்கு வட்டி என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஆகவே ‘ஆண்டுதோறும் கூட்டப்படும்’ என்று எழுதாமல், ‘ஆண்டுக்கு ஒரு முறை வட்டி அசலுடன் சேர்க்கப்படும்’ என்று விரித்து எழுத வேண்டும். எவ்வளவு காலத்திற்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது, எப்போது அசலில் சேர்கிறது என்பவை இரண்டு தனிச் செய்திகள். சேமநிதியில் கணக்கிடுவது மாதந்தோறும், வரவு வைப்பது ஆண்டுதோறும்.

மருத்துவத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். காம்பவுண்ட் ஃபிராக்சர் என்பதைக் ‘கூட்டு முறிவு’ என்று எழுதினால், எலும்பு பல துண்டுகளானதாக வாசகர் நினைப்பார். அப்படி நொறுங்குவதற்கு வேறு பெயர் உண்டு. இது, முறிவோடு தோலும் கிழிந்து காயம் வெளியே திறந்திருப்பது. ‘திறந்த எலும்பு முறிவு’ என்று எழுதினால் முதலுதவி செய்பவருக்கு உடனே விளங்கும். கிருமித் தொற்று அபாயம் அந்தத் திறப்பில்தான் இருக்கிறது.

தாவரவியலில் ‘கூட்டிலை’ நன்றாகவே பொருந்துகிறது. தேக்காச் சந்தையில் நாம் வாங்கும் ஓர் இணுக்குக் கறிவேப்பிலை, தாவரவியல் கணக்கில் ஒரே இலை. நாம் உருவிப் போடுபவை அதன் சிற்றிலைகள். பூச்சிகளின் கண்ணுக்குக் ‘கூட்டுக்கண்’. இவற்றில் மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை.

இலக்கணத்தில் இரண்டு சொல் சேர்ந்து ஒன்றானால் கூட்டுச்சொல். அதைத் தமிழின் தொகைநிலைத் தொடரோடு சமப்படுத்த வேண்டாம். வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என்னும் ஆறும் உருபு மறைந்ததை வைத்துப் பெயர் பெற்றவை. ஆங்கிலப் பாகுபாடு வேறு அடிப்படையில் நிற்கிறது. காம்பவுண்ட் வாக்கியமும் அப்படியே. இரண்டு முதன்மை வாக்கியங்களை ‘மற்றும்’ என்பதற்கு ஈடான சொல்லால் ஆங்கிலம் இணைக்கும்போது, தமிழ் பெரும்பாலும் முதல் வினையை எச்சமாக்கி ‘வந்து உட்கார்ந்தான்’ என்று ஒரே வாக்கியமாக முடித்துவிடுகிறது.

7. சட்ட வாக்கியங்களைத் தனியே வைத்துக் கையாள்க

சட்டத்தை மற்றத் துறைகளோடு சேர்க்காமல் தனிப் படியாக வைத்ததற்குக் காரணம், தவறு நேர்ந்தால் ஒருவருடைய பணமும் பெயரும் பாதிக்கப்படும் என்பதுதான்.

வினையாகிய காம்பவுண்ட், பழங்காலத்திலேயே ‘இணக்கம் பேசித் தீர்த்துக்கொள்ளுதல்’ என்ற பொருளையும் பெற்றது. கடன் கொடுத்தவரோடு பேசி, முழுத்தொகைக்குப் பதில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது அதில் ஒன்று. இரு தரப்பையும் ஓரிடத்தில் ‘ஒன்றாக வைப்பதால்’ வந்த பொருள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் குற்றங்களை இவ்வாறு தீர்த்துக்கொள்வதற்கான பிரிவுகள் இருக்கின்றன. குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட நாளுக்குள் செலுத்தினால், அந்தக் குற்றம் குறித்து மேற்கொண்டு வழக்கு நடவடிக்கை தொடராது. நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து விதிக்கும் அபராதத்திலிருந்து இது வேறுபட்டது.

பேச்சில் நாம் ‘சம்மன் வாங்கிட்டேன்’ என்கிறோம். மலேசியத் தமிழர் மலாய் வழியாகக் ‘கம்பாவுன்’ என்கிறார்கள். பேச்சுக்கு இரண்டும் சரி. எழுத்தில் வெறுமனே அபராதம் என்று போட்டால், கடிதம் பெற்றவர் தமக்குத் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டதாக எண்ணக்கூடும். ‘வழக்குத் தொடராமல் தீர்த்துக்கொள்வதற்குச் செலுத்த வேண்டிய தொகை’ என்று எழுதுவது நீளம்தான். ஆனால் படிப்பவருக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இதே கடிதங்களில், இவ்வாறு தீர்த்துக்கொள்வதைக் குறிக்கும் காம்பொசிஷன் என்ற உடன்பிறப்புச் சொல் தலைப்பிலேயே வரும். பயிற்சிக்காகக் கொடுத்த ஒரு மாதிரிக் கடிதத்தில், பள்ளியில் கட்டுரை எழுதிய நினைவு மாறாத இளைஞர் ஒருவர் அதைக் ‘கட்டுரை எழுதும் வாய்ப்பு’ என்று மொழிபெயர்த்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் படியைத் தாண்டிவிட்டு நேராகத் தலைப்பை மொழிபெயர்க்க உட்கார்ந்ததே காரணம். கடிதத்தின் உடலைப் படித்த பின்னரே தலைப்பை எழுத வேண்டும்.

8. எஞ்சிய வினை வாக்கியங்களைப் பார்க்க

இப்போது வினைப் பகுதியில் சில வாக்கியங்கள் மிஞ்சும். மருந்தைப் பற்றியதானால் ‘கலந்து தயாரித்தல்’. சிக்கல், தவறு, துயரம் ஆகியவற்றைப் பற்றியதானால் ‘மேலும் மோசமாக்குதல்’. இந்த இரண்டாவது பொருள் மற்றவற்றோடு ஒப்பிட்டால் இளையது. இன்றைய நாளிதழ்களில் வினையாக வருவது பெரும்பாலும் இதுவே.

ஆகவே ஒரே வினை, சட்டக் கடிதத்தில் பிரச்சினையைத் தீர்க்கிறது, நாளிதழில் பிரச்சினையைப் பெருக்குகிறது. இதைத் தெரியாமல், மழையால் ஏற்பட்ட போக்குவரத்து நெரிசலை ஒரு விபத்து மேலும் மோசமாக்கியது என்ற செய்தியை, ‘விபத்து நெரிசலோடு சமரசம் செய்துகொண்டது’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. வினைக்குச் செயப்படுபொருள் எது என்று பாருங்கள். குற்றமோ கடனோ என்றால் தீர்த்தல். மருந்தோ நெய்ப்பொருளோ என்றால் கலத்தல். கேடு எதுவானாலும் பெருக்குதல்.

9. திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்க்க

தமிழ் வாக்கியத்தை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, மூலத்தைக் காட்டாமல் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். அவர் காம்பவுண்ட் என்ற சொல்லையே சொல்ல வேண்டும் என்பதில்லை. செய்தி மாறாமல் இருக்க வேண்டும். ‘திறந்த எலும்பு முறிவு’ என்பதற்கு அவர் வேறு ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் அதுவும் வெற்றிதான்.

இந்தச் சோதனையை மொழிபெயர்ப்பாளரிடம் செய்வதைவிட, தொழிலில் இருப்பவரிடம் செய்வது நல்லது: தாதியிடம் மருத்துவ வாக்கியம், வங்கி ஊழியரிடம் வட்டி வாக்கியம். வகுப்புத் தோழர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துச் சரி என்று சொல்லிவிடுவார்கள். அரசாங்கச் சொற்களுக்கு, பொதுமக்களும் பங்களிக்கக்கூடிய எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர் என்னும் சிங்கப்பூர் அரசாங்க மொழிபெயர்ப்பு இணையத்தளத்தில் நான்கு மொழிகளிலும் என்ன வழங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அங்கே உள்ள சொல் உங்கள் சொல்லோடு முரண்பட்டால், எது சிறந்தது என்று வாதிடுவதற்கு முன், வாசகர் ஏற்கெனவே எந்தச் சொல்லைப் பார்த்துப் பழகியிருக்கிறார் என்று யோசியுங்கள்.

10. பதிவை எழுதி வைக்க

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்ளாதீர்கள்; காம்பவுண்டுக்கு இரண்டு அட்டை. முதல் அட்டையில் இலத்தீன் வேர், அதன் கீழே துறைவாரியாகத் தமிழ்ச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சேகரித்த வாக்கியம் ஒன்று. இரண்டாம் அட்டையில் மலாய் மூலம், அதன் கீழே வளாகம், வளவு, சுற்றுச்சுவர், அடைப்புக் குடியிருப்பு. இரண்டிலும் மற்ற அட்டையைப் பார்க்கும்படி ஒரு குறிப்பு.

அகராதியிலிருந்து எடுத்ததைப் பேனாவிலும், நீங்களாக ஊகித்ததைப் பென்சிலிலும் எழுதுங்கள். தூண் நட்டதால் கம்பம் என்ற விளக்கம், என் பழைய அட்டை ஒன்றில் என் கையெழுத்திலேயே பேனாவில் இருந்தது. எங்கே படித்தேன் என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அது நானே நினைத்துக்கொண்டது என்று ஒப்புக்கொள்ள ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று.